கைமாறிய புத்தகங்கள்

பலெர்மோ நகரின் கபோச் சந்தைக்குள் கரினி வாயிலால் நுழைந்து, மீன்கடைகளையும் ஒலிவ்காய்க் கடைகளையும் கடந்து சற்றுத் தூரம் நடந்தால், 'பெயாத்தி பாவுலி' என்னும் பெயர் தாங்கிய வீதியொன்றும் சிறு சதுக்கமொன்றும் எதிர்ப்படும். மரக்கறி வாங்கவும் மீன் வாங்கவும் எம்மவரிற் பலர் ஆண்டுக்கணக்காக அவ்வழியே போய் வருகின்றோம். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தோர் சிலர். பார்த்தோரும், இந்நகரில் முழத்துக்கு ஒரு புனிதர் இருப்பதால், இதுவும் ஒரு புனிதரின் பெயராக இருக்கும் என்று எண்ணிக் கடந்து போயிருப்பர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அது புனிதரின் பெயரன்று. ஒரு கதையின் பெயர்.

இரவில் கறுத்த அங்கி தரித்து, நிலத்தின் கீழுள்ள சுரங்கவழிகளிற் கூடி, அரசனின் நீதிமன்றம் ஏழைக்கு மறுத்த நீதியைத் தாமே வழங்கிய இரகசியக் கூட்டத்தார் இக்கபோப் பகுதியில் இருந்தனர் என்பது பலெர்மோ மக்களின் பழங்கதை. அக்கதையை எடுத்து விரித்து நாவலாக்கியவர் இந்நகரிற் பிறந்த லூயிஜி நத்தோலி (1857 - 1941). வில்லியம் கால்ட் என்னும் ஆங்கிலப் புனைபெயரில் அவர் எழுதிய 'பெயாத்தி பாவுலி' நாவல், 1909 மே 6ஆம் திகதி தொடங்கி 1910 சனவரி 2ஆம் திகதி வரை, 'சிசிலியா நாளிதழ்' என்னும் பத்திரிகையில் 239 பகுதிகளாக வெளிவந்தது. சிசிலியின் சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் எழுத வாசிக்க அறியாதவராயிருந்த காலம் அது. ஆயினும் அந்நாவலை அறியாதார் இங்கே அரிது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க, மற்றையோர் சுற்றியிருந்து கேட்டனர். வேறு புத்தகமே இல்லாத வீடுகளிலும் இப்புத்தகம் இருந்தது என்று முதியோர் சொல்வர். அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ 1971ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஒரு முன்னுரை எழுதி, வெகுசன நாவல் எவ்வகையான ஆசைகளை மக்களுக்கு ஊட்டுகின்றது என்பதை ஆராய்ந்தார். எல்லாரும் வாசித்த கதையை எல்லாரும் தமதென்று உரிமை கோருவர். அவ்வாறு உரிமை கோரியோரில் மாபியாக் கூட்டத்தாரும் உண்டு என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

இவ்வரலாற்றை அறிந்தபோது எமக்கு ஊர் நினைவு வந்தது. 1950 ஒக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த நாட்களை எமது பெற்றோரும் பாட்டன்மாரும் எத்தனை தடவை சொல்லியிருப்பர்! தமிழகத்திலிருந்து கப்பலேறி வரும் இதழ் எப்போது கிடைக்கும் என்று காத்திருந்தமை, கிடைத்த இதழை முதலில் யார் வாசிப்பது என்று வீட்டுக்குள் நிகழ்ந்த பிணக்கு, ஒரு வீட்டார் வாசித்து முடிக்கும்வரை வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்த அயலார், பின்னர் அத்தொடரின் தாள்களை மட்டும் கவனமாகக் கழற்றியெடுத்து ஊசியும் நூலும் கொண்டு தைத்து மட்டையிட்ட பெரிய புத்தகம் - இவையெல்லாம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பொதுச்சொத்தான நினைவுகள். அவ்வாறு தைத்த புத்தகத்துக்கு விலை இல்லை. ஆனால் சீர்வரிசைப் பொருளுக்குரிய மதிப்பு இருந்தது. பலெர்மோவில் 239 பகுதிகளைச் சேர்த்து வைத்தவனும், கோப்பாயிலோ கரவெட்டியிலோ கல்கி தாள்களைத் தைத்து வைத்தவளும் ஒருவரை ஒருவர் அறியார். செய்த தொழில் ஒன்றே.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் இவ்வொற்றுமை மேலும் துலங்கும். பலெர்மோவின் தெருக்களிலே கதைசொல்லிகள் மரவாளொன்றைக் கையிற் பிடித்து, காலால் நிலத்தை மிதித்து, சார்லமேன் பேரரசனின் வீரர்களுடைய கதைகளைப் பொழுது சாயும் வேளையிற் பகுதி பகுதியாகச் சொல்லி வந்தனர். நாளைக்கு வா என்று முக்கியமான கட்டத்தில் நிறுத்தும் கலையைத் தொடர்கதை எழுதியோர் இவர்களிடமே கற்றிருக்க வேண்டும். ஜூஸ்தோ லொடிக்கோ என்னும் ஆசிரியர் இக்கதைகளைத் திரட்டி 1858ஆம் ஆண்டு முதற் சிறு சிறு பகுதிகளாகப் பலெர்மோவில் அச்சிட்டார். பாவைக்கூத்துக் கலைஞர்கள் அந்நூலையே தமது வேதமாகக் கொண்டனர். மாசிமோ அரங்குக்கு அருகே, கபோவிலிருந்து சில நிமிட நடையில், அத்தகைய பாவைக்கூத்து அரங்கொன்று 1973 முதல் இயங்கி வருகின்றது. வீட்டுவேலைக்குச் செல்லும் வழியில் அதன் வாசலைக் கடப்போர் எம்மிற் பலர்.

எமது ஊர்களில் இதற்கு நிகரானது புராணபடனம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். கோயில் மண்டபத்தில் விளக்கின் முன்னால் அமர்ந்து கேட்ட கிழவிக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆனால், சூரபன்மனின் தம்பியர் பெயரைப் பிழையாகச் சொன்னால் அவர் எழுந்து திருத்துவார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தின் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று வர்ணித்தது இதனாலேயே. புத்தகம் என்பது தனியொருவன் மூலையில் இருந்து மௌனமாக வாசிப்பது என்னும் எண்ணம் எமக்குப் பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன்னர் அது நாலுபேர் கூடிச் செய்யும் காரியம்.

நாலுபேர் கூடிச் செய்யும் அக்காரியத்துக்கு யாழ்ப்பாண நகரில் ஒரு நிலையான இடம் கிடைத்த வரலாறு, பலரும் நினைப்பதைவிடச் சிறிய முறையிலே தொடங்கியது. 1933ஆம் ஆண்டில் நீதிமன்ற உத்தியோகத்தராக இருந்த க. மு. செல்லப்பா அவர்கள் தமது வீட்டிலேயே தமது புத்தகங்களை வைத்து, விரும்பியோருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அரசாங்கம் கேட்டதன்று; பெருந்தனவந்தர் எவரும் கொடுத்த நன்கொடையுமன்று. தான் வாசித்த நல்ல நூலை அயலவனும் வாசிக்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே முதல். அடுத்த ஆண்டில் ஊரவர் கூடிக் குழுவமைத்துப் பணமும் நூலும் சேர்த்தனர். 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடு நூல்நிலையம் திறக்கப்பட்டது. 844 என்பது பெரிய தொகையன்று. பலெர்மோவிலுள்ள எமது வீடுகள் ஒவ்வொன்றிலும் கட்டிலின் கீழும் அலுமாரியின் மேலும் அட்டைப்பெட்டிகளில் தூசி படிந்து கிடக்கும் தமிழ் நூல்களை ஒருவர் திரட்டினால் அதைவிடக் கூடுதலாகச் சேரும் என்பது எமது துணிபு.

அவ்வறை வளர்ந்த கதை யாவரும் அறிந்ததே. நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார் கட்டடத்துக்காகப் பாடுபட்டார். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் அமைத்த மாளிகை 1959இல் திறக்கப்பட்டது. வாசலில் வெண்ணிறச் சரசுவதி வீற்றிருந்தாள். பரீட்சைக்குப் படித்தோர், பத்திரிகை பார்க்க வந்தோர், வெயிலுக்கு ஒதுங்கியோர், காதற் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்தோர் - யாவருக்கும் அங்கே இடம் இருந்தது.

யாவருக்கும் என்று எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகின்றது. நகர நூல்நிலையத்தின் கதவு திறந்திருந்தது உண்மை. ஆயின் ஊர்ப்புறங்களிலே எல்லா வாசிகசாலைகளும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. தேநீர்க் கடையிற் சமமாக உட்காரவும் கோயிலுக்குள் நுழையவும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள், 1960களின் பிற்பகுதியில் மாவிட்டபுரம் வரை போராட வேண்டியிருந்த சமுதாயம் அது. வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை விரித்தவனை யாரென்று விசாரித்த வாசிகசாலைகளும் அங்கிருந்தன. இதனை மறந்து, ஊரில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வரலாறாகாது.

அக்காலத்தில் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த சிகையலங்கார நிலையமொன்று, வேறொரு வகையான வாசிகசாலையாக விளங்கியது. அங்கே தொழில் செய்த டொமினிக் ஜீவா அவர்கள், தலைமயிர் வெட்டும் கத்தரிக்கோலையும் பேனாவையும் ஒரே கையாற் பிடித்தவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஓகஸ்டில் அவர் 'மல்லிகை' என்னும் மாத இதழைத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தாமே சுமந்து, பேருந்திலும் தெருவிலும் வாசகரைத் தேடிச் சென்று கையிற் கொடுத்தார். 2021இல் அவர் மறைந்தபோது, பல்கலைக்கழகங்கள் செய்ய மறந்த பணியைச் செய்தவர் என்று பலரும் எழுதினர். மயிர் வெட்ட வந்து கதிரையில் இருந்தவன், புதிய எழுத்தாளர் ஒருவரின் பெயரையும் கேட்டுக்கொண்டு எழுந்து போன இடம் அது. கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்களை வாசிக்கும் வாசகர் கூட்டம் ஒன்று உருவாகியதற்கு இத்தகைய இடங்களே காரணம் என்று கருதுகின்றோம்.

1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. விகடனும் குமுதமும் கல்கியும் அரிதாயின. வாசகர் வருந்தினர், ஆனால் அவ்வெற்றிடத்தில் ஈழத்து நூல்கள் தளிர்த்தன. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் எம்மவர் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. வன்னிக் காட்டோரம் தண்ணிமுறிப்பிற் பதஞ்சலி என்னும் பெண்ணின் வாழ்வைச் சொன்ன பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும், நெடுந்தீவுக் கடலோரத்தைச் சொன்ன செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் 1973இல் அவ்வாறே எம் கைகளுக்கு வந்தன. தஞ்சைப் பெருங்கோபுரத்தையும் காவிரியையும் நூலிற் கண்டு பழகிய கண்களுக்கு, எமது பனங்கூடலும் குளக்கட்டும் அச்செழுத்தில் ஏறிவந்தது ஒரு வியப்பு. எமது ஊரைப் பற்றியும் கதை எழுதலாமா என்று கேட்டவரும் உண்டு. பேருந்துத் தரிப்பிடத்தில் வாங்கிய நூல் வீடு வந்து சேருமுன்னரே மூன்று பேருக்கு இரவல் வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். பாலமனோகரன் அவர்களே பின்னர் எம்மைப் போலப் புலம்பெயர்ந்து டென்மார்க்கில் வாழ நேர்ந்தது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் நிகழ்ந்ததை விரித்துரைக்க எமக்கு மனமில்லை. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கென யாழ்ப்பாணம் வந்திருந்த பொலிசாரும் அவர்களோடு சேர்ந்தோரும் நகருக்குத் தீ வைத்தனர். 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம் எரிந்தது. பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது. நூல்நிலையத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். எம். ஏ. நுஃமான் அவர்கள் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதை, தமிழறிந்த உலகெங்கும் கைமாறிச் சென்றது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 'யாழ்ப்பாண வைபவமாலை'யின் ஒரேயொரு பிரதி அத்தீயில் அழிந்தது என்று மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி சொல்லப்படுகின்றது. மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூல் பலமுறை அச்சேறியது. 1879ஆம் ஆண்டிலேயே பிறிற்றோ என்பவரால் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. இன்றும் அதனை வாங்கி வாசிக்கலாம். மீளாது அழிந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் வேறு உள. அவற்றின் இழப்பே போதிய அளவு பெரிது, மிகைப்படுத்த வேண்டியதில்லை. வைபவமாலை பிழைத்ததற்குக் காரணம் அது பல கைகளில் இருந்தமையே. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றும்வரை அந்நூல் ஏடு தேடித் திரிந்தோருக்கே எட்டியது. அச்சேறிய பின்னர் எந்தத் தீயாலும் அதனை முற்றாக எரிக்க முடியாது. அவ்வாறே, யூன் முதலாம் திகதி இரவில் எவர் வீட்டிலோ இரவலாக இருந்த நூல்நிலையப் புத்தகங்கள் எரியவில்லை. தவணை தப்பிய புத்தகத்துக்குக் குற்றப்பணம் கட்ட அஞ்சியிருந்தவர்களே காவலராயினர்.

பலெர்மோவாசிகளுக்கும் எரிந்த நூல்களைப் பற்றித் தெரியும். பல்லறோ சந்தையருகே காசா புறொபெஸ்ஸா என்னும் பழைய யேசுசபை இல்லத்தில் நகரசபை நூல்நிலையம் இருக்கின்றது. பெருந்தேவாலயத்துக்கு எதிரேயுள்ள பழைய யேசுசபைக் கல்லூரியிற் சிசிலிப் பிராந்திய நூல்நிலையம் இருக்கின்றது. இரண்டும் 1943ஆம் ஆண்டு நேசநாடுகளின் குண்டுவீச்சிற் சேதமுற்றன. (யேசுசபை என்றதும் இத்தாலி தந்த வீரமாமுனிவரை நினையாதிருக்க முடியுமா? 1680இற் பிறந்து, தமிழகம் வந்து, 3,615 பாக்களில் தேம்பாவணியும் 1732இற் சதுரகராதியும் தந்த பெஸ்கி அவர்கள், அகரவரிசையிற் சொற்களை அடுக்கித் தேடும் வழியை எமக்குக் காட்டியவர். இந்நாட்டார் எமக்குச் செய்த உபகாரத்துக்கு நாம் இங்கே வீடு கூட்டிக் கைம்மாறு செய்கின்றோம் என்று நண்பரொருவர் வேடிக்கையாகச் சொல்வார்.)

அதே 1943ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி, கபோவிலிருந்து மக்கேடா வீதியைத் தாண்டிச் சற்று அப்பாலிருந்த ஒரு மாளிகைமீது குண்டு விழுந்தது. தொமாசி டி லம்பெடூசா என்னும் பிரபு பிறந்து வளர்ந்த வீடு அது. அவர் மனிதரை இழந்ததுபோல அவ்வீட்டை இழந்து வருந்தினார். பிற்காலத்தில் தமது இளமை நினைவுகளை எழுதியபோது, அறை அறையாக அவ்வீட்டை எழுத்திற் கட்டியெழுப்பினார். ஊரில் வீடு இழந்தவர்களாகிய எமக்கு அப்பக்கங்களின் பொருள் அகராதியின்றியே விளங்கும். தலைவாசல் எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று தாளிற் கோடு கீறிப் பிள்ளைகளுக்குக் காட்டாத தாய் தகப்பன் எம்மில் யார்?

லம்பெடூசா நூல் எதுவும் வெளியிட்டவரல்லர், வாசகர். கனத்த தோற்பையொன்றிற் புத்தகங்களை நிரப்பிக்கொண்டு காலையிற் புறப்பட்டு, தேநீர்ச்சாலையில் மணிக்கணக்காக இருந்து வாசிப்பார், புத்தகக்கடையில் நின்று வாங்குவார், வீடு திரும்புவார். எங்கே சென்றாலும் சேக்ஸ்பியரின் நூலொன்று பையில் இருக்கும். கண்ணுக்கு வெறுப்பான காட்சி எதிர்ப்பட்டால் அதனைத் திறந்து மனந்தேறுவார் என்று அவருடைய மனைவி கூறியதாகச் சொல்வர். 1953ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்செஸ்கோ ஒர்லாண்டோ என்னும் இளைஞனுக்கு, ஊதியம் எதுவுமின்றி, ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வேறு சில இளைஞரும் வந்து சேர்ந்தனர். ஒவ்வொரு பாடத்தையும் முன்கூட்டியே கையால் எழுதிவைத்து வாசித்துக் காட்டினார். அவ்வாறு எழுதியவை ஆயிரம் பக்கங்களைக் கடந்தன. பின்னர் பிரெஞ்சு இலக்கியத்துக்குச் சென்றார். தாம் நேசித்த ஆசிரியர்களைத் தம்மைவிட ஏறத்தாழ நாற்பது வயது குறைந்த ஒருவனோடு பகிர்ந்துகொள்வதற்காக ஒருவர் ஆயிரம் பக்கம் எழுதியிருக்கின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்பாடங்களுக்கு இடையிலேயே அவர் தமது நாவலை எழுத முனைந்தார். பெரிய பதிப்பகங்கள் இரண்டு அதனை மறுத்தன. மறுத்தவருள் ஒருவர் தாமும் சிசிலியரான எழுத்தாளர் எலியோ வித்தொரினி. 1957 யூலையில் லம்பெடூசா உரோமாபுரியில் இறந்தார். அடுத்த ஆண்டு, 1958 நவம்பரில், 'இல் கத்தொபார்தோ' - சிறுத்தை - வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. ஒர்லாண்டோ தமது ஆசானைப் பற்றி ஒரு நூல் எழுதினார்; பீசாவில் இலக்கியப் பேராசிரியராகவும் விளங்கினார். அந்நாவலை இத்தாலியப் பள்ளிகளிற் படிக்கின்றனர். எமது பிள்ளைகளும் படிக்கின்றனர்.

எமது கவலை தொடங்குவது இவ்விடத்திலேதான். மகள் பள்ளிக்கூடத்திற் கத்தொபார்தோவையும் சாஷாவின் 'ஆந்தையின் பகல்' நாவலையும் வாசித்துப் பரீட்சை எழுதுகின்றாள். தகப்பன் அவள் பிறக்குமுன்னரே நிலக்கிளியைப் படித்து மனப்பாடம் பண்ணியவர். இருவரும் நல்ல வாசகர்கள். ஒரே மேசையில் இராச்சாப்பாடு சாப்பிடுகின்றார்கள். ஒருவர் வாசித்ததை மற்றவர் அறியார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற் பிள்ளை கற்கும் தமிழ் வாழ்த்துப்பா பாடப் போதும். நாவல் வாசிக்கப் போதாது. தகப்பனின் இத்தாலியமோ வீட்டுக்காரரோடும் கொஸ்தூராவிற் பத்திரம் புதுப்பிக்கவும் போதும். லம்பெடூசாவின் நீண்ட வாக்கியத்துக்குப் போதாது. இவ்வாறு ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு நூல்நிலையங்கள் உண்டாகி, இடையில் இரவல் இல்லாதுபோய்விட்டது.

புலம்பெயர்ந்த தொடக்க ஆண்டுகளில் இப்பிரச்சினை இல்லை. அப்போது பிள்ளைகள் சிறியோர், நாம் இளையோர். 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகளெங்கும் எம்மவர் கையெழுத்திலும் தட்டச்சிலும் சிறுசஞ்சிகைகளை வெளியிட்டனர். செருமனியிலிருந்து 'தூண்டில்', நோர்வேயிலிருந்து 'சுவடுகள்', சுவிற்சர்லாந்திலிருந்து 'மனிதம்' எனப் பல வந்தன. 1988இற் செருமனியில் தொடங்கிய 'இலக்கியச் சந்திப்பு' நகரம் நகரமாக நகர்ந்து, வாசித்தவர்களை ஒரு மண்டபத்திற் கூட்டிக் கருத்து மோத வைத்தது. சிசிலியில் இருந்த எமக்கு அவை தாமதமாகவே வந்தன. வடக்கே உறவினரிடம் போய் வந்தவரின் பயணப்பையில், மிளகாய்த்தூளுக்கும் பிள்ளைகளின் குளிர்ச்சட்டைக்கும் நடுவே, ஒன்றிரண்டு பிரதிகள் இருக்கும். வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுவேலையாருக்கு ஓய்வு. அவ்வோய்வில் ஒருவர் அறையிலிருந்து மற்றவர் அறைக்கு அவை நடந்தன. நாலைந்து இளைஞர் ஓரறையில் முறைவைத்து உறங்கிய காலம். ஒரே கதையை அவ்வறையில் நால்வரும் வாசித்திருப்பர். ஆதலால் இரவிற் பேச விடயம் இருந்தது. அந்நாளைய வறுமையைப் புகழ்வது எமது நோக்கமன்று. பேச விடயம் இருந்தது என்பதை மட்டும் பதிகின்றோம்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் மூலம் ஈழத்து நூல்களும் பழைய மல்லிகை இதழ்களும் கணினியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. எரிந்தவற்றுக்கு அது ஓரளவு மறுமொழி. யாழ்ப்பாண நூல்நிலையமும் புதுப்பிக்கப்பட்டு 2003இல் மீளத் திறக்கப்பட்டது. ஆகவே, நூல் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எமக்கு இனியில்லை. நூல் இருக்கின்றது, இதனை வாசி என்று கையிற் கொடுக்கும் ஆள்தான் குறைந்துவிட்டார்.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். கபோவிலிருந்து ஏறிச்சென்றால் வரும் நோர்மன் அரசமாளிகையில், இரண்டாம் றொஜர் மன்னனின் வேண்டுகோளின்படி, அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியலாளர் 1154இல் உலகத்தைப் பற்றிய பெருநூலொன்றை எழுதி முடித்தார். கடலோடிகளிடமும் வணிகரிடமும் கேட்டுக் கேட்டு எழுதிய அந்நூலில் சரண்டீப் என்னும் பெயரில் எமது தீவும் வருகின்றது. அத்தீவின் அரசனுக்குப் பதினாறு மந்திரிகள் என்றும், நால்வர் அவனுடைய சமயத்தார், நால்வர் கிறித்தவர், நால்வர் முசிலிம்கள், நால்வர் யூதர் என்றும் அவர் எழுதுகின்றார். உண்மையோ வணிகன் சொன்ன கதையோ, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகரில் ஒருவர் எமது தீவைப் பற்றி வாசித்திருக்கின்றார் என்பது எமக்குப் பெருமகிழ்ச்சி. சாந்தா றோசாலியாவின் மலைக்கு நேர்த்தி வைத்து ஏறும் எம்மவரிடம் இதனைச் சொன்னால், அப்படியானால் நாங்கள் புதியவர்கள் அல்லவே என்று சிரிக்கின்றார்கள்.

எம்மிடம் நிலக்கிளியின் பழைய பிரதியொன்று இருக்கின்றது. அதன் உள்ளட்டையில் நீல மையில் ஒரு பெயரும், அதன் கீழே 'வாசித்தபின் திருப்பித் தரவும்' என்று ஒரு வரியும் எழுதப்பட்டிருக்கின்றன. 1986இல் ஊரில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவர் எத்திசை சென்றார் என்று விசாரித்தும் அறிய முடியவில்லை. சென்ற மாரியில், காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாதிருந்த எமது வீட்டுப் பிள்ளையிடம் அந்நூலைக் கொடுத்தோம். எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்று, மூன்றாம் பக்கத்திற் களைத்து, நீங்களே வாசியுங்கள் என்றது. நாம் உரத்து வாசித்தோம். இடையிடையே இத்தாலியத்திற் பயன் சொன்னோம்; புராணபடனத்தின் இருவர் வேலையையும் ஒருவரே செய்ய வேண்டியதாயிற்று. பிழையான இத்தாலியத்தைப் பிள்ளை திருத்தியது. அடுத்த வாரம் அதன் முறை: கத்தொபார்தோவின் நடனமாளிகைக் காட்சியை எமக்குத் தமிழிற் சொல்ல முயன்று, 'பிரபு' என்ற சொல் தெரியாமல் 'பெரிய வீட்டு ஐயா' என்றது. நிலக்கிளியில் இன்னும் பாதிக்குமேல் இருக்கின்றது. வியாழக்கிழமைகளில் வாசிக்கின்றோம்.

வாசகர்களே, உங்கள் அட்டைப்பெட்டிகளிலும் திருப்பிக் கொடுக்க முடியாமற் போன புத்தகம் ஒன்றாவது இருக்கும். அதன் பெயரையும், யாரிடம் எந்த ஊரில் வாங்கினீர்கள் என்பதையும், அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதையும் இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்புங்கள். கையெழுத்து விளங்கக்கூடியதாக இருந்தாற் போதும்.